கேட் 5இ, கேட் 6, கேட் 6ஏ, ஃபைபர்: தளம் போடுமுன் எதை முடிவு செய்வது?

பெரியப்பா மகன் புதுக்கோட்டைப் பக்கம் வீடு கட்டுகிறார். கீழ்த்தளச் சுவர்கள் எழும்பி, கூரைக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்த சமயம் ஒரு நாள் ராத்திரி போன் வந்தது.

“தம்பி, நாளன்னிக்கு எலக்ட்ரீஷியன் தளத்துல பைப் போட வர்றாரு. நெட்டுக்கு எத்தனை பைப்பு, என்ன கேபிளுன்னு கேக்குறாரு. கடையில கேட் 7 இருக்காம், அதான் புதுசுங்கிறாங்க. வாங்கிடவா?”

“வாங்காதீங்கண்ணே. முதல்ல பைப்பைப் பேசுவோம். கேபிளை நிதானமாப் பாத்துக்கலாம்” என்றேன்.

பத்து வருடமாகப் பள்ளி, கிளினிக், கடை, வீடு என்று நெட்வொர்க் கேபிள் இழுப்பதுதான் என் பிழைப்பு. இந்தக் கேள்வியோடு வருகிற அநேகம் பேர் பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணைத்தான் பார்க்கிறார்கள். 5-ஐவிட 6 மேல், 6-ஐவிட 7 மேல் என்ற கணக்கு. ஆனால் நான் பழுது பார்க்கப் போன இடங்களில், எண் குறைந்ததால் கெட்டது என்று ஒரு வேலையும் இல்லை. செம்பு என்று சொல்லி விற்ற அலுமினியம், கரண்ட் வயரோடு ஒரே பைப்பில் திணித்த கேபிள், ஜோடி ஜோடியாக முறுக்கிய கம்பிகளைத் தாராளமாகப் பிரித்துவிட்டு முனையில் அடித்த கிளிப், இடி விழுந்து கருகிய போர்ட் (கேபிள் சொருகும் துளை). இவைதான் திரும்பத் திரும்பக் கண்டவை. அண்ணன் வீட்டையே வைத்து ஒவ்வொரு வழியையும் எடை போட்டுச் சொல்கிறேன்.

கீழே ஹாலும் இரண்டு அறைகளும், மாடியில் மூன்று அறைகள். மகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள்; அவளுக்கு மாடியில் ஓர் அறை. ரவுட்டரும், எல்லா அறைக் கேபிள்களும் வந்து சேரும் பெட்டியான நெட்வொர்க் சுவிட்சும் மாடிப்படிக்குக் கீழே. அங்கிருந்து மிகத் தூரமான புள்ளிக்கு, பைப் வளைந்து போகும் வழியில் அளந்தால், 28 மீட்டர். வெளியே நான்கு கேமரா. வீட்டுக்குப் பின்னால் 70 மீட்டர் தள்ளி அவருடைய மாவு மில். அங்கே பில் போடும் கம்ப்யூட்டரும் இரண்டு கேமராவும். இந்த 28, 70 என்ற இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொண்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

கம்பியின் தரம் வேறு, வேகம் வேறு

கேட் என்பது கேட்டகரி. அது கம்பியின் தரத்தைச் சொல்கிறது: எத்தனை மெகாஹெர்ட்ஸ் வரை சிக்னலை உருப்படியாகக் கொண்டுபோக வேண்டும், ஒரு ஜோடியின் சிக்னல் பக்கத்து ஜோடிக்குள் எவ்வளவு கசியலாம் என்பது போன்ற அளவுகள். கேட் 5இ-க்கு 100 மெகாஹெர்ட்ஸ், கேட் 6-க்கு 250, கேட் 6ஏ-வுக்கு 500. வேகத்தை வகுப்பது இன்னொரு இடம், ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் 802.3 தரநிலை. ஜிகாபிட்டுக்கான 1000பேஸ்-டி 1999-இல் வந்தது, 10 ஜிகாபிட்டுக்கான 10ஜிபேஸ்-டி 2006-இல். கம்பி ஒன்று, அதன் இரு முனையிலும் உட்கார்ந்திருக்கும் சிப்புகள் அந்தக் கம்பியில் பேசிக்கொள்ளும் முறை வேறொன்று. “100 மெகாஹெர்ட்ஸ் கேபிள்ல 100 மெகாபிட்தான் வரும்” என்று கடையிலேயே சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தவறு. அந்தக் கேபிளில்தான் இன்று ஊர் முழுக்க ஜிகாபிட் ஓடுகிறது.

ஓடுவது எப்படி என்பது எனக்கு இன்றும் வியப்புத் தருகிற விஷயம். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். 1000பேஸ்-டி நான்கு ஜோடிகளையும் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு ஜோடியிலும் நொடிக்கு 12.5 கோடி குறியீடுகள், ஒவ்வொரு குறியீடும் ஐந்து வோல்டேஜ் படிகளில் ஒன்று. அப்படி ஜோடிக்கு 250 மெகாபிட், நான்குக்கும் சேர்த்து 1000. இதே கம்பியில் இதே நேரத்தில் எதிர்முனையும் பேசிக்கொண்டிருக்கிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினாலும், தான் அனுப்பியது என்ன என்று ஒவ்வொருவருக்கும் தெரியும் அல்லவா? வந்து சேர்ந்த கலவையிலிருந்து தன் குரலைக் கழித்துவிட்டு மிச்சத்தை எதிராளியின் குரலாக எடுத்துக்கொள்கிறது சிப். முன்பிருந்த 100 மெகாபிட் முறைக்கு இரண்டு ஜோடிகளே போதும். அதனால்தான் அதற்குத் தேவைப்படாத மற்ற இரண்டில் ஒரு ஜோடி அறுந்தால் நெட் நிற்காமல், சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடுகிறது. “நெட் வருது, ஆனா வேகமே இல்லை” என்று யாராவது கூப்பிட்டால் நான் முதலில் பார்ப்பது அந்த ஜோடிகளைத்தான்.

முறுக்கு ஏன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். ஜோடியின் இரண்டு கம்பிகளிலும் ஒரே சிக்னல் நேர் எதிராகப் போகிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறும். மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் இரைச்சல் அடிபட்டுப் போகும், சிக்னல் நிற்கும். இரண்டு கம்பிகளும் மாறி மாறி இரைச்சலுக்கு அருகே வரவேண்டும் என்பதற்காகத்தான் முறுக்கு. டெலிபோனைக் கொண்டுவந்த கிரகாம் பெல் 1881-லேயே காப்புரிமை வாங்கிய யோசனை இது. இந்தக் கேபிள்களில் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் முறையான ஈத்தர்நெட் 1973-இல் ஜெராக்ஸின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தபோது ஓடியது கேபிள் டிவி வயர் போன்ற கோஆக்ஸியல் கேபிளில்; 1990-இல் 10பேஸ்-டி வந்த பிறகு முறுக்கு ஜோடியில் பரவலானது.

கேட் 5இ: பழைய வீட்டில் இருந்தால் பிடுங்காதீர்கள்

ஏற்கெனவே சுவருக்குள் கேட் 5இ இருக்கிறது, மாற்ற வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: செம்புக் கம்பியாக இருந்து, முனைகள் ஒழுங்காக அடிக்கப்பட்டிருந்தால், வேண்டாம். 100 மீட்டர் வரை ஜிகாபிட் தரும். அதற்கு மேலும் ஒரு வழி இருக்கிறது. வைஃபை பெட்டிகள் ஜிகாபிட்டைத் தாண்டத் தொடங்கியபோது, அலுவலகங்களின் கூரைகளுக்குள் கிடந்த கேட் 5இ முழுவதையும் பிடுங்கி எறிய யாருக்கும் மனமில்லை. 10 ஜிகாபிட் முறையையே எடுத்து, குறியீட்டு வேகத்தை நொடிக்கு 80 கோடியிலிருந்து 20 கோடியாகக் குறைத்து 2.5 ஜிகாபிட் என்றும், 40 கோடியாகக் குறைத்து 5 ஜிகாபிட் என்றும் 2016-இல் 802.3பிஇசட் கொண்டுவந்தார்கள். 20 கோடிக் குறியீடுகளுக்கு 100 மெகாஹெர்ட்ஸ் இடம் போதும், அதாவது சரியாக கேட் 5இ-யின் அளவு. பழைய கம்பியைக் காப்பாற்றவென்றே எழுதிய தரநிலை இது.

புதிதாகக் கட்டும் வீட்டில் கேட் 5இ போடலாமா? போட்டால் குற்றமில்லை. ஆனால் நான் போடமாட்டேன். பைப், ஆள் கூலி, சாக்கெட், சுவிட்ச் எல்லாம் சேர்ந்த செலவில் 5இ-க்கும் 6-க்கும் உள்ள வித்தியாசம் சிறிய பங்கு.

கேட் 6: இந்த 28 மீட்டருக்குப் பொருத்தமானது

கேட் 6-இல் கம்பி சற்றே தடிமன், முறுக்கு இன்னும் நெருக்கம். பல தயாரிப்புகளில் நான்கு ஜோடிகளையும் பிரித்து வைக்க நடுவில் பிளஸ் வடிவ பிளாஸ்டிக் தண்டு ஓடும். பொதுவாக 5இ-யில் 24 கேஜ் கம்பி, அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 6-இல் 23 கேஜ், 0.57 மி.மீ. தடிமன் கூடினால் மின்தடை குறையும். கேபிள் வழியாகவே கேமராவுக்குக் கரண்டும் அனுப்பும்போது அது பயன் தரும்.

பலரும் கவனிக்காத விஷயம், கேட் 6-இலும் 10 ஜிகாபிட் ஓடும் என்பது. தூரம்தான் குறையும். பக்கத்துக் கேபிளிலிருந்து வரும் கசிவு குறைவாக இருந்தால் 55 மீட்டர் வரை, கட்டுக்கட்டாக நெருக்கி ஓடினால் 37 மீட்டர் வரை. அண்ணன் வீட்டின் மிகத் தூரமான புள்ளி 28 மீட்டர். மோசமான கணக்கிலும் உள்ளே வந்துவிடுகிறது. நாளைக்கு மகள் வீட்டில் பெரிய வீடியோ கோப்புகளைச் சேமிக்க ஒரு சர்வர் வைத்து 10 ஜிகாபிட் சுவிட்ச் வாங்கினாலும், சுவருக்குள் கிடக்கும் கேட் 6 தடையாக நிற்காது.

கேட் 6ஏ: நல்ல கேபிள்தான், இந்த வீட்டுக்கு வேண்டாம்

6ஏ-வை நான் குறைத்துப் பேசவில்லை. 10 ஜிகாபிட்டை முழு 100 மீட்டருக்கும் கொண்டுபோக வேண்டும் என்பதற்காகவே வகுத்தது அது. கல்லூரி, மருத்துவமனை, மூன்று மாடி அலுவலகம் என்றால் தயங்காமல் அதையே போடுங்கள். 100 மீட்டர் என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: சுவருக்குள் நிரந்தரமாக ஓடுவது 90 மீட்டர், இரு முனையிலும் சொருகும் பேட்ச் கார்டுகளுக்கு 10 மீட்டர்.

வீட்டுக்குள் 6ஏ-வின் சிக்கல் அதன் உடம்பு. கேட் 6 சுமார் 6 மி.மீ. விட்டம் என்றால் 6ஏ சுமார் ஏழரை. கேட்க அற்பமாக இருக்கும், பைப்பில் போட்டுப் பாருங்கள். 25 மி.மீ. பைப்பின் உள்விட்டம் ஏறக்குறைய 21. பைப்பில் 40 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது என்ற வழக்கத்தின்படி கேட் 6 நான்கு போகும், இறுக்கினால் ஐந்து. 6ஏ மூன்றோடு சரி. கேபிளை வளைக்கும்போது விட்டத்தைப் போல் நான்கு மடங்காவது ஆரம் வேண்டும் என்பது விதி. நம் வீடுகளில் பதிக்கும் ஆழம் குறைந்த சுவிட்ச் பெட்டிக்குள் ஏழரை மி.மீ. கேபிளை அந்த ஆரத்தோடு திருப்பி உட்கார வைப்பது பெரும்பாடு. திருப்புகிறேன் என்று மடக்கிவிட்டால் கொடுத்த காசுக்கான தரம் அந்த மடிப்பிலேயே போய்விடும். சாக்கெட்டும் கிளிப்பும்கூட 6ஏ தரத்தில் வாங்க வேண்டும், இல்லையென்றால் மொத்த இணைப்பும் அந்தக் குறைந்த தரத்துக்கு இறங்கும்.

கேட் 7, கேட் 8

கடைக்காரர் “புதுசு” என்ற கேட் 7 உண்மையில் 6ஏ-வைவிடப் பழையது. சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ அதை ஏற்றது, அமெரிக்கத் தர அமைப்பான டிஐஏ ஏற்கவே இல்லை. 600 மெகாஹெர்ட்ஸ் தரத்துக்கு அதற்கென்று வேறு வகைக் கனெக்டர்கள் உண்டு. நம் கடைகளில் கிடைப்பது வழக்கமான ஆர்ஜே45 கிளிப் மாட்டிய கேபிள். கிளிப் மாட்டியவுடனே அது கேட் 7 இணைப்பு இல்லை. அதிலும் தட்டையாக நாடா போல வரும் கேபிள்களைச் சுவருக்குள் போடவே போடாதீர்கள். கேட் 8 உண்மையான தரம்தான், 2000 மெகாஹெர்ட்ஸ். ஆனால் 25, 40 ஜிகாபிட்டுக்காக, டேட்டா சென்டரில் ஒரு ரேக்கிலிருந்து பக்கத்து ரேக்குக்குப் போக 30 மீட்டருக்கு மட்டும் வகுத்தது. வீட்டுக்கு வேலையில்லை.

அலுமினியம் கலந்த ஏமாற்று

எந்த எண் என்று யோசிக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். சந்தையில் பாதி விலைக்கு “கேட் 6” கிடைக்கிறது. உள்ளே அலுமினியக் கம்பி, மேலே செம்பு முலாம். சிசிஏ என்பார்கள். சில பெட்டிகளில் சிறிய எழுத்தில் போட்டிருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. எந்தத் தரநிலையும் இதை கேட் 5இ என்றோ 6 என்றோ ஏற்பதில்லை.

ஒரு கிளினிக்கில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் நெட்டை விட்டு விழும். போய்ப் பார்த்தால் கிளிப்பின் கழுத்தில் கம்பி முறிந்திருக்கும். புதிதாக அடித்துக் கொடுப்பேன். அடுத்த முறை வேறொன்று. அலுமினியத்தை இரண்டு மூன்று முறை வளைத்தால் முறிகிறது, சாக்கெட்டில் கம்பியை அழுத்திப் பொருத்தும் இடத்தில் காலப்போக்கில் பிடி தளர்கிறது. கடைசியில் அங்கே மொத்தக் கேபிளையும் மாற்றினோம். மலிவாக வாங்கியதற்கு இரண்டு மடங்கு கூலி.

கேபிள் வழியாகக் கரண்ட் அனுப்பும் பிஓஇ வசதியில் இது இன்னும் மோசம். 2003-இல் வந்த முதல் பிஓஇ தரம் சுவிட்சிலிருந்து 15.4 வாட் அனுப்பி, கேமராவில் 12.95 வாட்டாவது சேரும் என்று கணக்கிடுகிறது. நடுவில் போகும் 2.45 வாட் கம்பியில் சூடாகும் பங்கு. 100 மீட்டர் செம்பை வைத்துப் போட்ட கணக்கு அது. அலுமினியத்தின் மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கரண்ட் குறைந்து கேமரா ராத்திரியில் அகச்சிவப்பு விளக்கைப் போடும்போதெல்லாம் அணைந்து அணைந்து எரியும். சூடும் கூடும், அதுவும் பைப்புக்குள்.

கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். முதலில் தூக்கிப் பாருங்கள். 305 மீட்டர் பெட்டியில் எட்டுக் கம்பிகள், ஒவ்வொன்றும் 0.57 மி.மீ. என்று கணக்குப் போட்டால் செம்பு மட்டுமே ஐந்தரை கிலோவுக்கு மேல். அதே தடிமனில் சிசிஏ மூன்று கிலோவைத் தொடாது. இரண்டு பெட்டிகளைக் கையில் தூக்கினாலே அந்த வித்தியாசம் தெரியும். அடுத்து, ஒரு கம்பியின் தோலை உரித்து பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூன்றாவது, மல்டிமீட்டர். 30 மீட்டர் நறுக்கி, ஒரு முனையில் ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளையும் சேர்த்து முறுக்கி, மறுமுனையில் ஓம் அளந்தால் 23 கேஜ் செம்புக்கு 4 ஓம் வரும். மீட்டரின் சொந்த வயர் காட்டும் அளவை முதலில் கழித்துக்கொள்ளுங்கள். 6-க்கு மேல் காட்டினால் அது செம்பு இல்லை, அல்லது கம்பி சொன்ன தடிமனில் இல்லை. இரண்டில் எதுவானாலும் வேண்டாம்.

அசல் செம்பு கேட் 5இ-க்கும் சிசிஏ “கேட் 6”-க்கும் நடுவில் தேர்வு செய்யும் நிலை வந்தால், கண்ணை மூடிக்கொண்டு 5இ-யை எடுங்கள்.

மாவு மில்லுக்கு ஃபைபர்

70 மீட்டர்தானே, 100-க்குள் தானே, ஒரு கேட் 6 இழுத்துவிட்டால் என்ன என்று அண்ணன் கேட்டார். தூரத்தை மட்டும் பார்த்தால் நியாயமான கேள்வி.

வீட்டுக்கு ஒரு மின் இணைப்பு, மில்லுக்கு வேறு மின் இணைப்பு. இரண்டுக்கும் தனித்தனி எர்த் குழி. பெரிய மோட்டார் ஓடும்போதும் பழுது வரும்போதும் இரண்டு எர்த்துக்கும் நடுவில் வோல்டேஜ் வித்தியாசம் வரும். கேபிளின் செம்பு இந்த இரண்டு உலகங்களையும் இணைக்கிறது. ஈத்தர்நெட் போர்ட் ஒவ்வொன்றுக்குள்ளும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, 1500 வோல்ட் வரை தாங்கும்படி. சாதாரண நாட்களில் அது காப்பாற்றும். இடி விழும் நாளில் அது போதாது. சித்திரையில் கோடை மழைக்கும், ஐப்பசியில் பருவமழைக்கும் நம் பக்கத்து இடி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நேராக விழ வேண்டியதுகூட இல்லை. அருகே எங்கோ விழுந்தாலே மண்ணில் பாயும் மின்னோட்டம் இரண்டு எர்த்துக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசத்தை உண்டாக்கும். ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே வெறும் செம்புக் கேபிள் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு மழை ராத்திரி முடிந்து காலையில் போனால் இரு முனைச் சுவிட்சுகளும், அவற்றில் சொருகியிருந்த ஏழு கம்ப்யூட்டர்களின் போர்ட்டுகளும் போயிருந்தன. பரீட்சை நேரம் வேறு. அந்தப் பிள்ளைகளின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

“அப்ப ஷீல்டு போட்ட கேபிள் வாங்கிடலாமா?” என்றார். ஷீல்டு என்பது கம்பிகளைச் சுற்றிய உலோகப் படலம். மோட்டார் இரைச்சலுக்கு அது உதவும், ஒரே கட்டடத்துக்குள், ஒரே எர்த்தில், ஒழுங்காக இணைத்திருந்தால். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே அந்தப் படலமே இரண்டு எர்த்தையும் நேரடியாகக் கட்டிவைக்கும் இன்னொரு கம்பியாகிவிடும். இரைச்சலைத் தடுக்கப் போய் எர்த் கரண்டுக்கு வழி திறந்த கதை.

ஃபைபர் என்பது வெளிச்சம் ஓடும் கண்ணாடி இழை. மின்சாரம் ஓடாது, மோட்டார் இரைச்சல் ஏறாது. சிங்கிள் மோடு, மல்டிமோடு என்று இரண்டு வகை உண்டு. மல்டிமோடில் ஓஎம்3 வகை 10 ஜிகாபிட்டை 300 மீட்டர் கொண்டுபோகும், 70-க்கு அது தாராளம். ஆனாலும் நான் சிங்கிள் மோடுதான் சொன்னேன். ஊருக்குள் நெட் இணைப்புக் கொடுப்பவர்கள் எல்லாருமே ஓட்டுவது அதைத்தான். கேபிளும் ஆளும், இழைகளை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினும் உள்ளூரிலேயே கிடைக்கும். இன்று, ஃபைபரைச் சுவிட்சோடு இணைக்கும் ஜிகாபிட் மாட்யூல் போட்டு, பிறகு 10 ஜிகாபிட் வேண்டுமானால் இரு முனையிலும் மாட்யூலையும் சுவிட்சையும் மாற்றினால் போதும். மண்ணுக்குள் கிடக்கும் கண்ணாடியைத் தொட வேண்டாம். நான்கு கோர், அதாவது நான்கு இழை உள்ள கேபிள் போடச் சொன்னேன், இரண்டு இப்போதைக்கு, இரண்டு உதிரி.

வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். கம்பத்துக்குக் கம்பம் கட்டும் ட்ராப் கேபிள் பலவற்றில் பலத்துக்காக ஓர் எஃகுக் கம்பி ஓடும். இடிக்குப் பயந்து ஃபைபர் போட்டுவிட்டு அந்த எஃகை இரு கட்டடத்துக்குள்ளும் கொண்டுபோனால் எதற்கு ஃபைபர்? உலோகம் இல்லாத, எஃப்ஆர்பி என்ற இழை கலந்த பிளாஸ்டிக் தண்டு வைத்த கேபிளைக் கேளுங்கள். அடுத்து, கனெக்டர் நிறம்: பச்சை சாய்வாகத் தீட்டிய முனை, நீலம் அப்படிச் சாய்க்காதது. பச்சையை நீலத்தோடு சொருகினால் உள்ளே கண்ணாடி முகங்கள் சரியாக ஒட்டாது, வெளிச்சம் இழக்கும்.

ஃபைபரால் முடியாத ஒன்று, கரண்ட் கொண்டுபோவது. மில் கேமராக்களுக்கு மில்லிலேயே ஒரு பிஓஇ சுவிட்சும் சின்ன யுபிஎஸ்ஸும் வேண்டும். வீட்டுக்குள் எல்லா அறைக்கும் ஃபைபர் போடலாமே என்பவர்களுக்கும் இதே பதில்தான். மகளின் லேப்டாப், டிவி, கூரையில் மாட்டும் வைஃபை பெட்டி எதிலும் ஃபைபர் சொருக இடமில்லை. வைஃபை பெட்டிக்கும் கேமராவுக்கும் கரண்டும் இதே வழியில் வேண்டும். அறைகளுக்குள் செம்புதான் சரி.

வைஃபை போதாதா என்றும் கேட்டார். போனுக்குப் போதும். ஆனால் கம்பி பின்னிய கான்கிரீட் தளத்தையும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரையும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை தாண்டும்போது பாதிக்கு மேல் வலுவிழக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வைஃபையைக் கடத்தும் மெஷ் பெட்டிகளைக் கம்பியில்லாமல் வைத்தால், பல பெட்டிகள் ஒரே அலைவரிசையில்தான் வாங்கவும் வேண்டும், அடுத்ததற்குத் தரவும் வேண்டும். மாடிக்கு ஒரு வைஃபை பெட்டி, அதற்கு ஒரு கேட் 6. அப்போதுதான் வைஃபையே வைஃபையாக இருக்கும்.

பைப், கிளிப், சோதனை

எலக்ட்ரீஷியனிடம் மூன்று விஷயம் சொல்லச் சொன்னேன். டேட்டா பைப் எல்லாம் 25 மி.மீ., 20 வேண்டாம். ஒவ்வொரு அறைக்கும் மாடிப்படிக் கீழிருந்து நேராகத் தனி ஓட்டம். கரண்ட் போல ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குத் தொடுத்துக்கொண்டு போகக் கூடாது. 230 வோல்ட் வயரும் டேட்டாவும் ஒரே பைப்பில் ஒருநாளும் கூடாது, அது நெட் வேகத்தைவிட உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்கோணமாகத் தாண்டட்டும். முழங்கை போல ஒடியும் எல்போவுக்குப் பதில் நீளமான பெண்டு வைத்தால் கேபிள் சிக்காமல் வரும். கேபிளைப் பலம்கொண்ட மட்டும் இழுக்கவும் கூடாது. 110 நியூட்டன்தான் வரம்பு, ஏறக்குறைய 11 கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்ட அளவு. இரண்டு ஆள் சேர்ந்து இழுத்தால் உள்ளே முறுக்கு நீண்டுபோகும், வெளியே எதுவும் தெரியாது.

கிளிப் அடிக்கும்போது வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி ஏன் பிரிந்து நிற்கிறது என்று புதுப் பையன்களுக்கு எரிச்சலாக இருக்கும். ஜோடி ஜோடியாக வரிசையில் வைத்துவிடுவார்கள். இரு முனையிலும் ஒரே மாதிரி வைப்பதால், ஒன்று முதல் எட்டு வரை விளக்கு எரியும் மலிவான டெஸ்டர் எல்லாம் சரி என்று காட்டும். ஆனால் 3-ஆம் 6-ஆம் பின்கள் ஒரு ஜோடியாக இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வேறு ஜோடிகளின் பாதிகள் நிற்கும். மேலே சொன்ன முறுக்கின் பயன் அங்கே போய்விட்டது. கேபிள் ஓடும், பிழைகளோடு ஓடும். முறுக்கைப் பிரிப்பதும் 13 மி.மீ.க்கு மேல் கூடாது.

தரச் சான்று தரும் கருவிகள் லட்சக்கணக்கில். அது இல்லாமலும் நல்ல சோதனை செய்யலாம். இரு முனையிலும் ஒரு லேப்டாப் வைத்து, இணைப்பு 1000 என்று காட்டுகிறதா பாருங்கள். ஐபெர்ஃப்3 என்ற இலவச மென்பொருளைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள்; ஜிகாபிட்டில் 940 மெகாபிட் பக்கம் நின்று ஆடாமல் ஓடினால் நல்லது. பிறகு போர்ட்டில் பிழை எண்ணிக்கை பூஜ்யமா என்று பாருங்கள். இந்தச் சோதனை முடியாமல் கடைசிப் பெயின்ட் அடிக்க விடாதீர்கள்.

கடைசியில் அண்ணன் எடுத்த முடிவு: அறைக்கு இரண்டு கேட் 6, அசல் செம்பு. கூரை வைஃபை இரண்டுக்கும் கேமரா நான்குக்கும் ஒவ்வொன்று. 4கே கேமராகூட நொடிக்குச் சில மெகாபிட்தான் அனுப்பும் என்பதால் கேமராவுக்கு 5இ-யே போதும், ஆனால் அதற்காகத் தனிப் பெட்டி வாங்குவது வீண். வெயில் படும் இடத்தில் மட்டும் கறுப்பு உறை போட்ட வெளிப்புற வகை. சாதாரண சாம்பல் உறை மொட்டை மாடி வெயிலில் சில வருடங்களில் வெடித்துவிடும். மில்லுக்குத் தரைக்கடியில் தனிப் பைப்பில் நான்கு கோர் சிங்கிள் மோடு. மாடிக்கு ஒரு 25 மி.மீ. பைப் காலியாக, உள்ளே நைலான் கயிறு மட்டும் விட்டு, இரு முனையும் அடைத்து.

கான்கிரீட் கொட்டும் நாள் காலையில் ஒரு வேலை மட்டும் மறக்க வேண்டாம் என்றேன். ஒவ்வொரு பைப்பின் ஓரமும் டேப்பை விரித்து வைத்து, சுவரிலிருந்து எத்தனை அடி என்று எண் தெரியும்படி போட்டோ. அண்ணன் 46 போட்டோ அனுப்பினார். இரண்டில் பைப் கம்பிக்கு அடியில் நசுங்கி இருந்தது தெரிந்தது. கலவை வருவதற்குள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றிவிட்டார்கள்.